மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு: இலவச வக்கீலும் மக்கள் நீதிமன்றமும் எதற்குக் கைகொடுக்கும், எங்கே கைவிடும்

தமிழ்நாட்டில் எந்த மாவட்டத்தின் நீதிமன்ற வளாகத்துக்குள் போனாலும் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு என்ற பலகையைப் பார்க்கலாம். தாலுகா கோர்ட்டுகளில் வட்ட சட்டப் பணிகள் குழு என்று இருக்கும். பாகப்பிரிவினை, எல்லைத் தகராறு, திரும்பி வராத வாடகை அட்வான்ஸ், ஜீவனாம்சம், கைமாற்றுக் கடன், திரும்பிய செக் என்று வீட்டுக்கு வீடு இருக்கும் சண்டைகளுக்கு இங்கே ஆலோசனை, வக்கீல், சமரசம் மூன்றும் கட்டணமில்லாமல் கிடைக்கும். 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் 1995 நவம்பர் 9 அன்று நடைமுறைக்கு வந்தது. அதன்படி இது நமக்கு உரிமையாகக் கிடைக்கும் சேவை. யாருடைய தயவும் இதற்குத் தேவையில்லை.

மதிப்பீட்டை முதலிலேயே சொல்லிவிடலாம். எதிராளி பேச்சுக்கு வரக்கூடியவராக இருந்தால் இதைவிட நல்ல வழி கிடையாது. வழக்கு வருடக்கணக்கில் ஓடும் வகையாக இருந்தால், உங்களுக்கு எந்த வக்கீல் அமைகிறார் என்பதைப் பொறுத்துத்தான் பலன். மக்கள் நீதிமன்றத்தில் (லோக் அதாலத், இரு தரப்பையும் பேசி முடிக்க வைக்கும் அமர்வு) கையெழுத்தான தீர்வுக்கு மேல்முறையீடே இல்லை. அதனால் இந்தச் சேவையின் பெரிய பலமும் பெரிய ஆபத்தும் அந்த ஒரு தாளில்தான் இருக்கின்றன. அந்தத் தாளில் என்ன எழுதப்பட வேண்டும் என்று தெரியாமல் போகிறவர்கள்தான் அதிகம் நஷ்டப்படுகிறார்கள்.

யாருக்கு இலவச வக்கீல்

"ஏழைகளுக்கான ஆபீஸ்" என்று நினைத்து ஒதுங்குகிறவர்கள் நிறையப் பேர். சட்டத்தின் 12ஆம் பிரிவைப் படித்தால் அந்த எண்ணம் மாறும். பெண்களுக்கு வருமான வரம்பே கிடையாது. கை நிறையச் சம்பளம் வாங்கும் பெண்ணும் கேட்கலாம். குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத் திறனாளிகள், தொழில்துறைத் தொழிலாளர்கள், காவலில் இருப்பவர்கள், ஆள் கடத்தலுக்கு ஆளானவர்கள், வெள்ளம், நிலநடுக்கம், சாதிக் கொடுமை போன்றவற்றால் பாதிக்கப்பட்டவர்கள் எல்லோருக்கும் இப்படித்தான். இவற்றுள் எதிலும் வராத ஆண்களுக்கு மட்டுமே வருமான வரம்பு பார்க்கப்படும். தமிழ்நாட்டில் அது ஆண்டுக்கு 3 லட்சம் ரூபாய், உச்ச நீதிமன்ற வழக்கு என்றால் 5 லட்சம்.

வருமானச் சான்று கையில் இல்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பினால் அது சரியல்ல. வருமானத்தைப் பற்றி நீங்களே எழுதிக் கொடுக்கும் பிரமாணப் பத்திரத்தை ஏற்கலாம் என்று 13ஆம் பிரிவு சொல்கிறது. அதைச் சந்தேகிக்கக் காரணம் இருந்தால்தான் மேற்கொண்டு கேட்பார்கள்.

இன்னொரு குழப்பமும் உண்டு. இந்தத் தகுதியெல்லாம் இலவச வக்கீலுக்குத்தான். மக்கள் நீதிமன்றத்துக்குத் தகராறைக் கொண்டுபோக யாருக்கும் எந்த வரம்பும் இல்லை. பெரிய வியாபாரியும் போகலாம்.

விண்ணப்பம்

வெள்ளைத்தாளில் தமிழில் எழுதிக் கொடுத்தாலே போதும். எழுதத் தெரியாதவருக்கு அங்கிருக்கும் சட்டத் தன்னார்வலரோ ஊழியரோ எழுதித் தர வேண்டும். 15100 என்ற எண்ணில் பேசலாம், நால்சா (தேசிய சட்டப் பணிகள் ஆணைக்குழு) இணையதளத்திலும் விண்ணப்பிக்கலாம். ஆனால் சொத்துத் தகராறு என்றால் காகிதங்களோடு நேரில் போவதே நல்லது. போனில் சொல்லும் கதையிலிருந்து யாராலும் சர்வே நம்பரைப் பிடிக்க முடியாது.

காகிதம் என்றதும் ஒரு பை நிறைய அள்ளிக்கொண்டு போகிறார்கள். வக்கீலுக்கு முதலில் வேண்டியது ஐந்தாறுதான். கிரயப் பத்திரமும் அதற்கு முந்தைய மூலப்பத்திரமும், பட்டா, புலப்படம், குறைந்தது முப்பது வருடத்துக்கான வில்லங்கச் சான்று, இறந்தவரின் சொத்து என்றால் இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும். இவற்றோடு, என்ன நடந்தது என்பதைத் தேதி வரிசையில் ஒரு பக்கத்துக்கு எழுதி எடுத்துப் போனால் பாதி வேலை முடிந்தது. அசலை வீட்டில் வைத்துவிட்டு நகல்களைக் கொடுங்கள். அசலைக் கொடுத்தே ஆக வேண்டும் என்றால், என்னென்ன கொடுத்தோம் என்று பட்டியல் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

பட்டா கையில் இருந்தால் நிலம் நமக்கென்று உறுதியாகிவிட்டது என்ற நம்பிக்கை ஊரெங்கும் இருக்கிறது. பட்டா வருவாய்த்துறையின் பதிவு. உரிமையைத் தீர்மானிக்கும் அதிகாரம் சிவில் கோர்ட்டுக்குத்தான். பட்டா எதிராளி பேரில் மாறிவிட்டது என்பதற்காக உங்கள் உரிமை போய்விடாது. உங்கள் பேரில் பட்டா இருப்பதால் மட்டும் வழக்கு ஜெயித்துவிடாது.

அமர்த்தப்படும் வக்கீல்

விண்ணப்பம் ஏற்கப்பட்டால் குழுவின் பட்டியலில் இருக்கும் ஒரு வக்கீலை உங்களுக்கு ஒதுக்குவார்கள். கோர்ட் கட்டணம், சம்மன் செலவு, சான்றிட்ட நகல் எடுக்கும் செலவு எல்லாம் சட்ட உதவிக்குள் அடங்கும். அந்த வக்கீல் உங்களிடம் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. "டைப்பிங் செலவு", "ஆபீஸ் பையனுக்கு" என்று கேட்டாலும் தவறுதான். கேட்டால் ஆணைக்குழுவின் செயலாளரிடம் எழுத்தில் புகார் கொடுக்கலாம். செயலாளராக இருப்பவர் ஒரு நீதித்துறை அதிகாரி. மாவட்ட ஆணைக்குழுவின் தலைவர் முதன்மை மாவட்ட நீதிபதி.

இந்தச் சேவையின் பலவீனமான இடம் இதுதான் என்பதையும் மறைக்கக் கூடாது. பட்டியல் வக்கீல்களுக்குக் கிடைக்கும் மதிப்பூதியம் குறைவு. நல்ல மனசோடு உழைக்கிறவர்கள் இருக்கிறார்கள். வாய்தாவுக்கு ஜூனியரை அனுப்பிவிட்டு மறந்துபோகிறவர்களும் இருக்கிறார்கள். ஆகவே வழக்கு எண்ணைக் கேட்டு வாங்கி, இ-கோர்ட்ஸ் செயலியில் அடுத்த தேதியை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று வாய்தாவாக வக்கீல் ஆஜராகவில்லை என்று அதில் தெரிந்தால், வக்கீலை மாற்றித் தரச் சொல்லி விண்ணப்பம் கொடுக்க உரிமை உண்டு. அதில் தேதிகளைக் குறிப்பிட்டு எழுதுங்கள். "சரியாகக் கவனிப்பதில்லை" என்று பொதுவாக எழுதினால் பலன் இருக்காது.

நாளை காலை ஜே.சி.பி. வந்து சுவரை இடிக்கப் போகிறது என்ற நிலையில் இந்த வழியை நம்பி உட்கார்ந்திருக்க முடியாது. விண்ணப்பம், ஒதுக்கீடு என்று சில நாள் போகும். அப்படி அவசரமானால் முன்னலுவலகத்தில் (விண்ணப்பம் வாங்கும் ஃப்ரண்ட் ஆபீஸ்) அதைத் தலைப்பிலேயே எழுதி, செயலாளரை அன்றே பார்க்கக் கேளுங்கள். முடியாவிட்டால் தடையுத்தரவுக்கு மட்டும் வெளி வக்கீல் ஒருவரை வைத்துவிட்டு, மீதியை இங்கே தொடரலாம்.

காலவரையறை

சமரசம் பேசுகிறோம் என்பதற்காக வழக்குப் போடும் கெடு நீளும் என்று நம்பிக் காத்திருக்காதீர்கள். இந்த ஓர் எச்சரிக்கையை முன்னலுவலகங்களின் சுவரில் கொட்டை எழுத்தில் எழுதி வைக்க வேண்டும்.

செக் விஷயத்தில் இது கொடூரமாகவே இருக்கும். செக்கை அதன் தேதியிலிருந்து 3 மாதத்துக்குள் வங்கியில் போட வேண்டும். திரும்பிய தகவல் வந்த 30 நாளுக்குள் எழுத்து மூலம் நோட்டீஸ் போக வேண்டும். நோட்டீஸ் கிடைத்த 15 நாளில் பணம் வராவிட்டால், அதற்கடுத்த ஒரு மாதத்துக்குள் புகார் தாக்கலாக வேண்டும். "மக்கள் நீதிமன்றத்துல மனு கொடுத்திருக்கோமே" என்று முதல் 30 நாளைக் கோட்டைவிட்டால், அந்த செக்கை வைத்து மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138ஆம் பிரிவில் கேட்பது மிகக் கடினமாகிவிடும். நோட்டீஸை முதலில் அனுப்புங்கள், பேச்சைப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

புரோநோட்டுக்கும் கைமாற்றுக்கும் 3 வருடம். கெடு முடிவதற்குள் கடன்காரர் ஒரு பகுதியைக் கட்டி அதற்கு அவர் கையெழுத்திலான குறிப்பு இருந்தாலோ, கடன் இருப்பதை எழுத்தில் ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டாலோ, அன்றிலிருந்து புதிதாக 3 வருடம் கிடைக்கும். கெடு முடிந்த மறுநாள் எழுதி வாங்கினால் அந்தச் சலுகை கிடையாது. சொத்தில் உரிமையைக் காட்டிச் சுவாதீனம் (சொத்து நம் கைவசம் வருவது) கேட்க 12 வருடம். உங்களைப் பலவந்தமாக வெளியேற்றிவிட்டார்கள் என்றால், உரிமை யாருக்கு என்ற வாதத்துக்கே போகாமல் சுவாதீனத்தை மட்டும் திரும்பக் கேட்கும் குறுக்கு வழி ஒன்று குறிப்பிட்ட நிவாரணச் சட்டத்தின் 6ஆம் பிரிவில் இருக்கிறது. அதற்குக் கெடு 6 மாதம்தான், அரசுக்கு எதிராகப் பயன்படுத்தவும் முடியாது. ஊர்ப் பெரியவர்களை வைத்துப் பேசிப் பேசியே இந்த 6 மாதத்தைத் தொலைத்த குடும்பங்கள் பல. காவல் நிலையத்தில் எழுதி வாங்கிய "சமாதானக் கடிதம்" எதற்கும் கோர்ட் தீர்ப்பின் வலு கிடையாது என்பதையும் சேர்த்து நினைவில் வையுங்கள்.

மக்கள் நீதிமன்றத்தில் நடப்பது

இரண்டு விதமாகப் போகலாம். ஏற்கெனவே நடக்கும் வழக்கைக் கோர்ட்டே அனுப்பும், அல்லது இரு தரப்பும் கேட்டு வாங்கலாம். வழக்கே போடாத நிலையிலும் மனு கொடுக்கலாம். மனு வந்ததும் ஆணைக்குழு எதிராளிக்கு நோட்டீஸ் அனுப்பும். கோர்ட் வளாகத்திலிருந்து வீட்டுக்கு வரும் அந்தக் காகிதமே பாதிப் பேரைப் பேச்சுக்கு இழுத்துவிடுகிறது. அட்வான்ஸைத் திருப்பித் தராத வீட்டுக்காரர், பங்கு கேட்ட தங்கையின் போனை எடுக்காத அண்ணன் போன்றவர்கள் விஷயத்தில் இதன் பலன் கண்கூடு.

வராவிட்டால்? ஒன்றும் செய்ய முடியாது. மக்கள் நீதிமன்றத்துக்கு ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் இல்லை. மனுவை முடித்து, கோர்ட்டுக்குப் போகச் சொல்வார்கள். இரண்டு முறை நோட்டீஸ் போயும் எதிராளி வரவில்லை என்றால் அதற்குமேல் அங்கே அலைவதில் அர்த்தமில்லை. அங்கேயே வழக்குக்கான இலவச வக்கீல் மனுவைக் கொடுத்துவிடுங்கள்.

அமர்வில் பதவியில் இருக்கும் அல்லது ஓய்வுபெற்ற நீதிபதியும், வக்கீல் அல்லது சமூக சேவகரும் இருப்பார்கள். அவர்கள் யோசனை சொல்லலாம், திணிக்கக் கூடாது. "ஒத்துக்கிட்டா நல்லது, இல்லாட்டி இருபது வருஷம் இழுக்கும்" என்ற பேச்சு வரும். அது அறிவுரை மட்டுமே. ஒப்புக்கொள்ளாவிட்டால் வழக்கு பழையபடி கோர்ட்டுக்குத் திரும்பும், அதனால் உங்கள் வாதத்துக்கு எந்தக் குறையும் வராது. சமரசம் செய்யச் சட்டம் அனுமதிக்காத குற்ற வழக்குகளும் விவாகரத்தும் இங்கே தீராது. ஜீவனாம்சத் தொகையைப் பேசி முடிக்கலாம்.

தேசிய மக்கள் நீதிமன்றம் ஆண்டுக்குச் சில முறை நாடு முழுக்க ஒரே நாளில் நடக்கும். விபத்து நஷ்டஈடு, செக் வழக்கு, வங்கிக் கடன் ஆகியவற்றுக்கு அந்த நாள் பொருத்தமானது. பாகப்பிரிவினைக்கு அல்ல. ஒரே நாளில் எக்கச்சக்க வழக்குகளை எடுக்கும் அமர்வில், ஆறு வாரிசுகளும் மூன்று சர்வே நம்பர்களும் உள்ள குடும்பத்துக்கு உரிய நேரம் கிடைக்காது. அப்படிப்பட்ட தகராறுகளை நீதிமன்றத்தோடு இணைந்த சமரச மையத்துக்கு அனுப்பக் கேளுங்கள். சென்னை உயர் நீதிமன்றத்தில் 2005இல் தொடங்கிய சமரச மையம்தான் இந்தியாவில் இவ்வகையில் முன்னோடி. இப்போது மாவட்டங்களிலும் உண்டு. அங்கே பல அமர்வுகளாக உட்கார்ந்து பேசலாம், ஒவ்வொரு தரப்போடும் தனியாகவும் பேசுவார்கள்.

வங்கிக் கடனைக் குறைத்து முடிக்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வங்கி தள்ளுபடி கொடுத்து முடித்தால் சிபிலில் அந்தக் கணக்கு "செட்டில்டு" என்று ஏறும். "குளோஸ்டு" என்று ஏறாது. அடுத்த சில வருடங்களில் வீட்டுக்கடன் வாங்கும் எண்ணம் இருந்தால் இதைக் கணக்கில் எடுங்கள். பணம் முழுக்கக் கட்டிய 30 நாளுக்குள் அசல் பத்திரங்களை வங்கி திருப்பித் தர வேண்டும். தன் தவறால் தாமதித்தால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் உங்களுக்குக் கொடுக்க வேண்டும் என்பது 2023 டிசம்பர் 1 முதல் ரிசர்வ் வங்கியின் விதி. அசல் பத்திரம் எந்தத் தேதியில் வரும் என்பதைத் தீர்வுத் தாளிலேயே எழுதச் சொல்லுங்கள்.

கையெழுத்துக்கு முன்

மக்கள் நீதிமன்றத் தீர்வு, சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 21ஆம் பிரிவின்படி, சிவில் கோர்ட் டிகிரிக்கு (தீர்ப்பாணைக்கு) சமம். அதை எதிர்த்து அப்பீல் கிடையாது. ஏமாற்றி வாங்கினார்கள் என்றால்கூட உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடுவது ஒன்றே வழி, அதுவும் மிகக் குறுகிய காரணங்களுக்குத்தான். நடக்கும் வழக்கு சமரசத்தில் முடிந்தால் கட்டிய கோர்ட் கட்டணம் முழுவதும் திரும்பக் கிடைக்கும். தமிழ்நாட்டில் பண வழக்குக்கு 3 சதவீதம் என்பதால், 10 லட்சம் ரூபாய் வழக்கில் 30,000 ரூபாய் கைக்கு வரும். ஆனால் மோசமாக எழுதப்பட்ட தீர்வினால் வரும் நஷ்டத்தின் முன்னால் இது ஒன்றுமே இல்லை.

"பிரதிவாதி வாதிக்கு 4 லட்சம் தர ஒப்புக்கொண்டார்" என்று ஒரே வரியில் முடிந்திருக்கும் தீர்வுகள் இருக்கின்றன. எப்போது தருவார், எத்தனை தவணை, எந்தக் கணக்கில், ஒரு தவணை தவறினால் என்ன? எதுவும் இல்லை. இருக்க வேண்டியது இப்படி: மொத்தத் தொகை, ஒவ்வொரு தவணையின் தொகையும் தேதியும், வங்கிக் கணக்கு விவரம், ஒரு தவணை தவறினாலும் மீதி முழுவதும் உடனே வட்டியோடு செலுத்தத்தக்கது என்ற வரி, வட்டி எத்தனை சதவீதம் என்ற எண். அந்தத் தவணை தவறும் வரி இல்லாவிட்டால் ஒவ்வொரு தவணைக்கும் தனித்தனியாகக் கோர்ட் ஏற வேண்டி வரும்.

நிலம் என்றால் கிரயப் பத்திரம் எழுதும்போது எவ்வளவு உன்னிப்பாக இருப்போமோ அவ்வளவு வேண்டும். கிராமம், சர்வே எண், உட்பிரிவு எண், பரப்பு, நான்கெல்லை ஆகியவற்றோடு அளந்து வரைந்த வரைபடத்தில் எல்லோரும் கையெழுத்திட்டு இணைக்க வேண்டும். "வடக்குப் பாகம் மூத்தவருக்கு, தெற்குப் பாகம் இளையவருக்கு" என்று மட்டும் எழுதிவிட்டு வந்தால், கோடு எங்கே என்ற புதிய சண்டை அடுத்த வாரமே தொடங்கும். எல்லைத் தகராறில் மக்கள் நீதிமன்றத்துக்குப் போகும் முன்பே எஃப்-லைன் எனும் எல்லை அளவைக்கு விண்ணப்பித்து, அரசு சர்வேயர் கல் நட்ட அறிக்கையைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அது இல்லாமல் பேசும் சமரசம் பெரும்பாலும் நிலைப்பதில்லை. நடைபாதை, வண்டிப்பாதை, கிணற்றுத் தண்ணீர் முறை, மின் மோட்டார் இணைப்பு யார் பேரில் என்பதெல்லாம் மறந்துபோகும் சங்கதிகள். பாதையின் அகலத்தை அடிக் கணக்கில் எழுதுங்கள். அசல் மூலப்பத்திரம் யாரிடம் இருக்கும், மற்றவர்கள் கேட்டால் காட்ட வேண்டுமா என்பதையும் விட்டுவிடாதீர்கள்.

விட்டுப்போன வாரிசு

பாகப்பிரிவினைச் சமரசங்கள் உடைவதற்கு முதல் காரணம், மேஜையில் உட்கார்ந்திருக்க வேண்டிய ஒருவர் இல்லாமல் போவது. கையெழுத்திடாத வாரிசை அந்தத் தீர்வு கட்டுப்படுத்தாது. பத்து வருடம் கழித்து அவர் வழக்குப் போட்டால் எல்லாம் கலையும்.

விட்டுப்போகிறவர் பெரும்பாலும் ஒரு பெண். இந்துக் குடும்பத்தில், உயில் எழுதாமல் இறந்த தந்தையின் சுயசம்பாத்தியச் சொத்துக்கு மனைவி, மகன்கள், மகள்கள், அவருடைய தாய் எல்லோரும் சம பங்குதாரர்கள். மனைவி, தாய், இரண்டு மகன்கள், ஒரு மகள் இருந்தால் ஆளுக்கு ஐந்தில் ஒரு பங்கு. தாயைக் கணக்கில் சேர்க்காமல் நான்காகப் பிரிப்பது சர்வசாதாரணமாக நடக்கிறது. பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனைப் போலவே பிறப்பால் உரிமை உண்டு. தமிழ்நாடு இதை 1989 மார்ச் 25 முதல், அன்று திருமணமாகாதிருந்த மகள்களுக்குக் கொடுத்தது. 2005 செப்டம்பர் 9இன் மத்தியத் திருத்தம் திருமணமான மகள்களுக்கும் விரித்தது. 2005இல் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. ஆனால் 2004 டிசம்பர் 20க்கு முன்பே பதிவு செய்த பத்திரத்தின் மூலமோ கோர்ட் மூலமோ பாகம் பிரிந்திருந்தால் அதைக் கிளற முடியாது. "கல்யாணத்துக்கு நகை போட்டாச்சு" என்பதற்குச் சட்டத்தில் எந்த மதிப்பும் இல்லை. தங்கை மனமுவந்து விட்டுக்கொடுப்பதானால் அது பதிவு செய்த விடுதலைப் பத்திரமாகவோ, அவர் நேரில் வந்து கையெழுத்திட்ட தீர்வாகவோ இருக்க வேண்டும்.

கிறிஸ்தவக் குடும்பங்களில் கணக்கு வேறு: மனைவிக்கு மூன்றில் ஒன்று, மீதி பிள்ளைகளுக்குச் சமமாக. முஸ்லிம் குடும்பங்களில் பிள்ளைகள் இருந்தால் மனைவிக்கு எட்டில் ஒன்று, மகனுக்கு மகளைப்போல் இரு பங்கு. முன்னலுவலகத்தில் மதத்தைச் சொல்லத் தயங்க வேண்டாம், பங்கே அதைப் பொறுத்துத்தான்.

மைனர் பிள்ளைக்குப் பங்கு இருந்தால், நடக்கும் வழக்கில் கோர்ட்டின் தனி அனுமதி இல்லாமல் செய்யும் சமரசத்தை அந்தப் பிள்ளை பின்னாளில் ரத்து செய்யக் கேட்கலாம். வெளிநாட்டில் இருப்பவர் பவர் கொடுத்திருந்தால், அந்தப் பவரில் சமரசம் செய்துகொள்ளும் அதிகாரம் தனியாகச் சொல்லப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். விற்கும் அதிகாரம் இருந்தால் போதும் என்று விட்டுவிடக் கூடாது.

வேறு கதவுகளுக்குரிய வழக்குகள்

எல்லாவற்றையும் இங்கே கொண்டுவருவதும் வீண். மின்சாரம், குடிநீர், தொலைபேசி, தபால், மருத்துவமனை, காப்பீடு, போக்குவரத்து போன்ற பொதுப் பயன்பாட்டுச் சேவைகளின் தகராறுக்கு நிரந்தர மக்கள் நீதிமன்றம் என்று தனியாக உண்டு. உங்கள் மாவட்டத்துக்கு உரியது எங்கே அமர்கிறது என்று முன்னலுவலகத்தில் கேளுங்கள். 1 கோடி ரூபாய் வரை எடுப்பார்கள், கட்டணம் இல்லை. இங்கே ஒரு பெரிய வித்தியாசம்: சமரசம் முதலில் முயல வேண்டும், அது தோற்றால் அவர்களே தீர்ப்புச் சொல்ல முடியும். எதிராளி வேண்டுமென்றே இழுத்தடிப்பது இங்கே பலிக்காது. ஆனால் கோர்ட்டில் ஏற்கெனவே போட்ட விஷயமாக இருக்கக் கூடாது, தீர்ப்புக்கு அப்பீலும் இல்லை. காப்பீட்டுத் தகராறில் அப்பீல் வசதி வேண்டும் என்று நினைத்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் நல்லது. 5 லட்சம் வரை கட்டணமில்லை, கெடு 2 வருடம், 45 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம்.

வீட்டு வாடகைத் தகராறுக்கு 2019 பிப்ரவரி 22 முதல் புதிய சட்டமும் வாடகை நீதிமன்றமும் இருக்கின்றன. ஒப்பந்தம் எழுத்தில் இருந்து, வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும். ஒப்பந்தத்தில் வேறுவிதமாக இல்லாவிட்டால் அட்வான்ஸ் 3 மாத வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது, காலி செய்த ஒரு மாதத்துக்குள் உரிய கழிவு போகத் திருப்பித் தர வேண்டும். பதிவு செய்யாத ஒப்பந்தத்தோடு இருப்பவர்கள் முதலில் மக்கள் நீதிமன்ற நோட்டீஸை முயல்வது புத்திசாலித்தனம்.

பெற்றோரைக் கைவிட்ட பிள்ளைகள் விஷயம் ஆர்.டி.ஓ.விடம் (வருவாய்க் கோட்டாட்சியர்) போகிறது. 2007ஆம் ஆண்டின் பெற்றோர், முதியோர் பராமரிப்புச் சட்டத்தின்கீழ் அவர்தான் தீர்ப்பாயம். பராமரிப்புத் தொகை மாதம் 10,000 ரூபாய் வரை. எழுதிக் கொடுத்த தான செட்டில்மென்டை ரத்து செய்யவும் அங்கேதான் 23ஆம் பிரிவில் கேட்க வேண்டும். கவனித்துக்கொள்வார் என்ற நிபந்தனையோடு கொடுத்ததாகக் காட்ட வேண்டும் என்று 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025 ஜனவரியில், இச்சட்டத்தை முதியோருக்குச் சாதகமாகத் தாராளமாகவே பொருள்கொள்ள வேண்டும் என்றது. இனிமேல் எழுதுகிறவர்கள் அந்த நிபந்தனையைப் பத்திரத்திலேயே ஒரு வரியாக எழுதிவிட வேண்டும். மனு எழுதித் தர சட்டப் பணிகள் அலுவலகம் உதவும். இந்த உதவியை நாம் முழு மனதோடு பாராட்டலாம்.

ஜீவனாம்ச வழக்கில் இலவச வக்கீல் வைத்திருக்கும் பெண்கள் ஒன்றைக் கேட்டே ஆக வேண்டும்: இரு தரப்பும் சொத்து, வருமான, கடன் விவரப் பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்ய வேண்டும் என்பது 2020 நவம்பரில் உச்ச நீதிமன்றம் இட்ட கட்டளை. அது தாக்கலாகாமல் வழக்கு ஓடினால் கணவரின் உண்மையான சம்பளம் வெளியே வராது. ஜீவனாம்சம் மனுப் போட்ட தேதியிலிருந்து கிடைக்க வேண்டும் என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது.

தீர்வு கையில் வந்த பிறகு

சான்றிட்ட நகலை அன்றே வாங்குங்கள். நிலத் தீர்வு என்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவுக்குக் கொண்டுபோங்கள். வில்லங்கச் சான்றில் ஏறாத தீர்வு, அடுத்து வாங்க வருகிறவர் கண்ணில் படாது. கோர்ட் கட்டணம் இல்லை என்பதால் முத்திரைத் தீர்வையும் இல்லை என்று நினைக்கக் கூடாது. பாகப்பிரிவினைத் தீர்வுக்கு அது உண்டு, பணத்தை முன்கூட்டியே யார் கட்டுவது என்று தீர்விலேயே எழுதிக்கொள்ளலாம். பிறகு அந்த நகலை வைத்து உட்பிரிவோடு பட்டா மாற்றத்துக்கு விண்ணப்பியுங்கள்.

எதிராளி சொன்னபடி செய்யாவிட்டால் புதிய வழக்குத் தேவையில்லை. உரிய சிவில் கோர்ட்டில் நிறைவேற்று மனுப் போட்டுச் சம்பளப் பற்று, சொத்து ஜப்தி வரை போகலாம். செக் வழக்கில் குற்றவியல் கோர்ட் அனுப்பி முடிந்த தீர்வுக்கும் இதே வலு உண்டென்று 2011இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நிறைவேற்று மனுவுக்குப் பொதுவாக 12 வருடம் கெடு. சுவரை இடிக்க வேண்டும், ஆக்கிரமிப்பை எடுக்க வேண்டும் என்பது போன்ற செயலுறுத்துக் கட்டளைக்கு மட்டும் 3 வருடம்தான். அந்த மனுவைப் போடவும், தகுதி உள்ளவருக்கு, அதே அலுவலகத்தில் இலவச வக்கீல் கேட்கலாம்.